ஒட்டிவைத்த பக்கங்கள்

(திருமழிசையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஊரில் நின்று எழுத்தைக் காப்பாற்றுவது பற்றிப் பேசுகிறவர் ஆழ்வாரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். திருமழிசையாழ்வார் கும்பகோணத்தில் தம் ஓலைகளையெல்லாம் காவிரியில் விட்டுவிட்டார் என்றும், இரண்டு நூல்கள் மட்டும் நீரோட்டத்தை எதிர்த்துக் கரைக்கு வந்தன என்றும் குருபரம்பரைக் கதை சொல்கிறது. நான்முகன் திருவந்தாதியின் 96 பாசுரங்களும் திருச்சந்த விருத்தத்தின் 120 பாசுரங்களும் அப்படி நமக்குக் கிடைத்தவை. ஆற்றோடு போனவற்றில் என்ன இருந்தது என்பதை எந்த உரைகாரரும் சொல்லவில்லை. இதே கதையில் இன்னொருவரும் வருகிறார். பிரம்பறுக்கப் போன திருவாளன் கண்டெடுத்த குழந்தையான ஆழ்வாரைத் தன் மகனாக வளர்த்த பங்கயச்செல்வி. அந்தத் தாயின் பெயர் மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்தது. அவர் என்ன நினைத்தார், எதைப் பத்திரப்படுத்தினார் என்பதற்கு ஒரு துரும்பு கூட இல்லை.

பங்கயச்செல்வியின் காலத்துக்கு நாம் எதுவும் செய்ய முடியாது. நம் பாட்டிமார் காலத்துக்குச் செய்ய முடியும். 1940களிலும் 50களிலும் கல்லூரிக்குப் போன பெண்கள் தாமே வெட்டி, தாமே ஒட்டி, தாமே குறிப்பெழுதி வைத்த நோட்டுகள் இன்னும் பல வீடுகளில் பரண் மேல் கிடக்கின்றன. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும்போது அவை முதலில் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. அந்த நோட்டுகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஸ்க்ராப் புக், ஆல்பம், கட்டிங் நோட்டு என்று வீட்டுக்கு வீடு ஒரு பெயர். தடித்த அட்டை போட்ட கணக்கு நோட்டுதான் பெரும்பாலும் இப்படி மாறியது. மைதாப் பசையோ சோற்றுப் பருக்கையோ கோந்தோ கைக்குக் கிடைத்ததைக் கொண்டு ஒட்டினார்கள். விடுதி விழா நிகழ்ச்சி நிரல், நாடகத்தில் ஆண் வேடம் போட்ட தோழியின் படம், பரீட்சை ஹால் டிக்கெட், டிராம் டிக்கெட், சினிமாக் கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகத்தின் அட்டை, பத்திரிகையில் வந்த கோலம், ஸ்வெட்டர் பின்னும் முறை, காந்தி படம், காய்ந்த மகிழம்பூ. இவற்றுக்கு நடுவே தோழியர் கையெழுத்திட்டு எழுதிய வாழ்த்துகள். சென்னையில் டிராம் 1953-இல் நின்றுபோனது. ஆண்டு எழுதாத பக்கத்தில் ஒரு டிராம் டிக்கெட் ஒட்டியிருந்தால் அந்தப் பக்கம் எந்தக் காலத்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

ஒட்டிச் சேர்க்கும் இந்தப் பழக்கம் உலகம் முழுவதும் இருந்தது. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் 1873-இலேயே பசை தடவிய பக்கங்கள் கொண்ட ஸ்க்ராப் புத்தகத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அந்நாட்டுக் கல்லூரிகள் பலவும் தம் பழைய மாணவிகளின் நோட்டுகளை ஆவணக் காப்பகத்தில் எண்ணிட்டு வைத்திருக்கின்றன. நம் கல்லூரிகளில் ஆண்டு மலர்கள் இருக்கின்றன, குழுப் படங்கள் இருக்கின்றன. மாணவி தனக்கென்று வைத்துக்கொண்ட நோட்டோ அவளோடு வீட்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது.

கல்லூரிகளின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1914 ஜூலையில் கடற்கரையோரம் கேப்பர் ஹவுஸில் 37 மாணவியரோடு தொடங்கிய சென்னைப் பெண்கள் கல்லூரிதான் பின்னர் ராணி மேரிக் கல்லூரி ஆனது. ஆக்ஸ்ஃபோர்டில் படித்து வந்த டோரதி டி லா ஹே அதன் முதல்வராக 1936 வரை இருந்தார். அடுத்த ஆண்டு, 1915-இல், பெண்கள் கிறித்துவக் கல்லூரி. நாடு விடுதலை பெற்ற அதே நாளில் ஸ்டெல்லா மாரிஸ். 1948-இல் பாரிஸ்டர் எத்திராஜ் தம் பெயரில் தொடங்கிய கல்லூரி. விடுதலைக்குப் பின் எடுத்த முதல் கணக்கெடுப்பில், அதாவது 1951-இல், இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு ஒன்பது பேர் கூட இல்லை. கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அந்த ஒன்பதிலும் ஒரு சிறு துளி. நம் ஊர் சென்னையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர்தான். ஆனால் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தினமும் ஒரு பெண் தனியாகப் பஸ் ஏறி மெரினா வரை போய்த் திரும்புவதற்கு எத்தனை பேருடைய சம்மதம் வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். விடுதியில் சேர்ப்பது இன்னொரு பெரிய பஞ்சாயத்து.

இப்படிப் படித்த பெண்ணைப் பற்றி அரசு வைத்திருந்த ஆவணம் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, சாதி, மதிப்பெண், அங்க அடையாளமாக இரண்டு மச்சம். பிறகு இன்டர்மீடியட், பட்டச் சான்றிதழ். இவை எல்லாவற்றிலும் அவளைப் பற்றி வேறு யாரோ எழுதினார்கள். எதை எழுதலாம் என்று தீர்மானித்தவரும் வேறு யாரோதான். ஸ்க்ராப் நோட்டில் மட்டும்தான் எதை வைத்துக்கொள்வது, எதன் பக்கத்தில் எதை ஒட்டுவது, எதை விட்டுவிடுவது என்ற தீர்மானம் அவளுடையது. அதனால்தான் அந்த நோட்டை நான் அவ்வளவு பெரிதாக மதிக்கிறேன். இரண்டு மச்சத்தைக் கொண்டு அவளை அடையாளம் காணலாம். அவள் எப்படிப்பட்டவள் என்பது மகிழம்பூப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அந்த நோட்டுகளில் வாரப் பத்திரிகைகளின் பக்கங்கள்தான் அதிகம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்தபோது, மணியம் வரைந்த படங்களோடு அதை வெட்டியெடுத்துச் சேர்த்து பைண்ட் செய்யாத நடுத்தர வீடு அரிது. அந்த பைண்டுகள் வீட்டுக்குச் சொந்தம். அப்பா படிப்பார், அத்தை படிப்பார், பக்கத்து வீட்டார் இரவல் கேட்பார்கள். கல்லூரிப் பெண்ணின் நோட்டில் இருப்பது வேறு மாதிரி. அவள் முழுத் தொடரையும் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு படத்தை, ஒரு பத்தியை, ஒரு எழுத்தாளரின் புகைப்படத்தை மட்டும் வெட்டினாள். அதுவும் அவளைப் போலவே கல்லூரிக்குப் போகிற ஒரு பெண் எழுதியதாக இருந்தால் அதற்குத் தனி இடம்.

அப்படி ஒருவர் இருந்தார். 'லக்ஷ்மி' என்ற பெயரில் எழுதிய திரிபுரசுந்தரி. 1921-இல் பிறந்தவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். போர்க்காலத்தில் வீட்டிலிருந்து பணம் அனுப்ப முடியாத நிலை வந்தபோது படிப்பை விடுவதா என்ற கேள்வி எழுந்தது. அவர் ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.எஸ். வாசனைப் போய்ப் பார்த்தார். கதை எழுதித் தருகிறேன், அதில் வரும் பணத்தில் படித்துக்கொள்கிறேன் என்றார். வாசன் ஒப்புக்கொண்டார். பகலில் மருத்துவப் பாடமும் மற்ற நேரத்தில் கதையுமாக அவர் படித்து டாக்டரானார். 'பவானி'யும் 'பெண் மனம்' நாவலும் அவரைத் தமிழ்நாடெங்கும் கொண்டு சேர்த்தன. 1955-இல் திருமணமாகித் தென்னாப்பிரிக்கா போனார். 1977-இல் திரும்பி வந்து மறுபடியும் எழுதினார். 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காக 1984-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 'கதாசிரியையின் கதை' என்று தன் வரலாற்றையும் எழுதி வைத்துவிட்டு 1987-இல் மறைந்தார்.

இதில் என்னை நெகிழவைப்பது ஒன்று உண்டு. ஒரு பெண் தன் கல்லூரிக் கட்டணத்துக்காக எழுதிய பக்கத்தை, வேறெங்கோ இன்னொரு கல்லூரிப் பெண் தன் நோட்டில் வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறாள். ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. லக்ஷ்மியின் கதைகளை இலக்கிய விமரிசகர்கள் குடும்பக் கதைகள் என்று ஒதுக்கியதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுதியவரின் படிப்பையும் வாசித்தவரின் துணிச்சலையும் சேர்த்துப் பார்க்காமல் அந்தக் கதைகளை எடை போடவே முடியாது. வாசித்தவர் பக்கத்துச் சாட்சி இந்த நோட்டுகள்தான்.

இன்னொரு வாழ்க்கையையும் சொல்ல வேண்டும். 1919-இல் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர் ஏ. லலிதா. 15 வயதில் திருமணம். 1937-இல் கணவர் இறந்தபோது லலிதாவுக்கு 18 வயது, கைக்குழந்தைக்கு நான்கு மாதம். தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். மகள் ராணி மேரிக் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்தார். மருத்துவம் படித்தால் இரவு பகல் பாராமல் போக வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று பொறியியலைத் தேர்ந்தெடுத்தார். கிண்டியில் அதுவரை ஒரு பெண் கூடப் படித்ததில்லை. முதல்வர் கே.சி. சாக்கோவும் கல்வி இயக்குநர் ஸ்டாத்தமும் இசைந்தார்கள். அடுத்த ஆண்டு கேரளத்திலிருந்து தெரசியா, லீலாம்மா ஜார்ஜ் என்ற இருவர் சேர்ந்தார்கள். போரை முன்னிட்டுப் படிப்புக் காலம் குறைக்கப்பட்டதால் மூவரும் ஒன்றாகவே பட்டம் பெற்றார்கள். ஆண்பாலில் அச்சிட்டிருந்த சான்றிதழைப் பேனாவால் அடித்துப் பெண்பாலாக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு பேனாக் கோடுதான். ஆனால் அந்தத் தாளைப் பத்திரப்படுத்தாமல் போயிருந்தால், மூன்று பெண்கள் அந்த வாசலில் நுழைந்தபோது என்ன நடந்தது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல வேறு எதுவும் இருந்திருக்காது.

லலிதா பிற்பாடு கல்கத்தாவில் ஒரு மின்சாதன நிறுவனத்தில் வேலை பார்த்தார். பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிப் பணிகளில் அவர் பங்கு உண்டு. 1964 ஜூனில் நியூயார்க்கில் நடந்த முதல் உலகப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்குப் போய்வந்தார். 1979-இல் மறைந்தார். அவர் கதை இன்று ஓரளவு வெளியே தெரிகிறதென்றால் அதற்கு முக்கியக் காரணம் அவருடைய மகள். அம்மாவின் நினைவுகளையும் காகிதங்களையும் மகள் கைவிடவில்லை.

அப்படிக் காப்பாற்ற ஒரு மகளோ பேத்தியோ இல்லாத வீடுகளை நினைக்கும்போது மனம் பதறுகிறது. இங்கே மைதிலி சிவராமனை நினைவுகூர வேண்டும். தொழிற்சங்கத்திலும் மாதர் இயக்கத்திலும் உழைத்தவர், கீழ்வெண்மணிக் கொடுமையைப் பற்றி எழுதியவர், 2021-இல் நம்மைவிட்டுப் போனவர். அவருடைய பாட்டி சுப்புலட்சுமி 1897-இல் பிறந்தவர். 11 வயதில் திருமணம், 14 வயதில் தாய். கல்லூரியை எட்டிப் பார்க்கவும் வாய்க்காதவர். ஆனால் ஓயாமல் படித்தார், நாட்குறிப்பு எழுதினார், குறிப்புகள் எடுத்தார். மகளின் படிப்புக்காகத் திருவல்லிக்கேணிக்குக் குடிவந்தார். அவர் விட்டுச்சென்ற காகிதங்களைப் பிரித்து, வரிவரியாகப் படித்து, மைதிலி 2006-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். வரலாற்றாசிரியர் உமா சக்கரவர்த்தி அதையொட்டி ஓர் ஆவணப்படம் எடுத்தார். நாம் படித்த வரலாறு எதிலும் பெயர் வராத ஒரு பெண், தன் பேத்தி பெட்டியைத் திறந்ததால் நம்மிடம் வந்து சேர்ந்தார். பாட்டிக்குக் கிடைக்காத கல்லூரி அடுத்த தலைமுறைக்குக் கிடைத்தபோது அவர்கள் வைத்த நோட்டுகளுக்கும் இப்படி ஒரு பேத்தி வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

நோட்டு ஏன் முழுதாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். நம் பெண்களைப் பழைய பதிவேடுகளில் தேடிப் போகிறவர்கள் ஓரிடத்தில் முட்டி நின்றுவிடுவார்கள். கல்லூரிப் பதிவில் தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு இருக்கிற கமலா, திருமணத்துக்குப் பின் கணவர் பெயரின் முதலெழுத்தோடு வேறு ஊரில் வேறு கமலாவாகிவிடுகிறார். இரண்டும் ஒருவர்தான் என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. நோட்டில் கல்லூரி விழா நிரலுக்கு நாலு பக்கம் தள்ளி ஒரு திருமண அழைப்பிதழ் ஒட்டியிருக்கும். தோழியர் அனுப்பிய வாழ்த்துத் தந்தி இருக்கும். இரண்டு கமலாக்களையும் இணைக்கும் பாலம் அந்த நாலு பக்கம்தான். அழைப்பிதழ் அழகாக இருக்கிறதென்று அதை மட்டும் பிய்த்துச் சட்டம் போட்டு மாட்டினால் பாலம் அறுந்துவிடும். எதற்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதும் ஆவணம்தான். அந்த அழைப்பிதழுக்குப் பின்னால் வரும் வெற்றுப் பக்கங்களும் ஆவணம்தான். பாதி நோட்டு காலியாகக் கிடக்கிறதே என்று பேரப்பிள்ளைகள் அதில் கணக்குப் போடுவார்கள். தயவுசெய்து போடவிடாதீர்கள். அந்தக் காலிப் பக்கங்களில் ஒரு கல்வி எங்கே நின்றது என்பது தெரிகிறது. சிலருடைய நோட்டில் சில பக்கம் விட்டு மறுபடி ஒட்டுதல் தொடங்கும். ஆசிரியப் பயிற்சி விண்ணப்பம், முதல் நியமன உத்தரவு. அந்த இடைவெளியில் எத்தனை ஆண்டுகள் என்று அவரிடமே கேளுங்கள். கேட்க இன்னும் சிலர் நம்மோடு இருக்கிறார்கள். 1950-இல் 18 வயதான பெண்ணுக்கு இப்போது 90-க்கு மேல்.

பெரிய ஆட்களின் கையெழுத்து இருந்தால்தான் மதிப்பு என்று நினைக்க வேண்டாம். காந்தியடிகள் கையெழுத்துக்கு ஐந்து ரூபாய் ஹரிஜன நிதிக்கு வாங்கிக்கொள்வார். 1946 ஜனவரியில் அவர் இந்திப் பிரசார சபையின் வெள்ளி விழாவுக்காகச் சென்னை வந்தபோது வாங்கிய கையெழுத்து உங்கள் வீட்டில் இருந்தால் அது பெருமைதான். அதே நோட்டில் அடுத்த பக்கத்தில் விடுதிச் சமையற்கார அம்மாள் கோணல் எழுத்தில் போட்ட கையெழுத்து இருந்தால் எனக்கு அதுவும் அதே அளவு வேண்டும். அந்த அம்மாளின் பெயர் வேறெந்தத் தாளிலும் இருக்காது.

இனிக் காரியத்துக்கு வருகிறேன். காகிதத்துக்குப் பகை மூன்று: ராமபாணப் பூச்சி, ஈரம், நம் அவசரம். போர்க்காலத் தட்டுப்பாட்டில் வந்த மட்டக் காகிதம் தொட்டாலே உதிரும். அரிசிப் பசையும் மைதாவும் பூச்சிக்கு விருந்து. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தள வீடுகளில் எத்தனை பெட்டிகள் போயின என்பது இங்குள்ளவர்களுக்கே தெரியும். நனைந்த நோட்டை வெயிலில் காயப்போடாதீர்கள். பக்கங்களுக்கு நடுவே வெள்ளைத் தாள் வைத்து நிழலில் காற்றாட உலர்த்துங்கள். கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் அது பழுப்பேறிக் காகிதத்தையும் தின்றுவிடும். லாமினேஷன் வேண்டவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. பெட்டியில் வசம்பும் உலர்ந்த வேப்பிலையும் போட்டு வைக்கும் நம் பழைய வழக்கம் நல்ல வழக்கம்தான். காகிதத்தை நேராகத் தொடாமல் துணியில் முடிந்து வையுங்கள்.

எதைத் தொடுவதற்கும் முன்னால் அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை, காலிப் பக்கம் உட்பட, வரிசை மாறாமல் கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். அதன் பிறகு பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகக் காட்டிக் கேளுங்கள், அவர் சொல்வதைக் குரலாகவே பதிவு செய்யுங்கள். குழுப் படத்தில் இருப்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாகக் கேட்டு, மெல்லிய பென்சிலால் ஒரு தனித் தாளில் எழுதி நோட்டோடு வையுங்கள். படத்தின் பின்னால் பேனா படக்கூடாது. அவருக்குச் சொல்ல விருப்பமில்லாத பக்கம் ஒன்று இருக்கும். அதை வற்புறுத்திக் கேட்காதீர்கள். நோட்டு அவருடையது.

வீட்டில் வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கும் வழி உண்டு. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் புத்தகங்களோடு நோட்டீஸ், நாடக விளம்பரம், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் தூக்கிப்போட்டதையெல்லாம் ஆயுள் முழுக்கச் சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. அதைக் கொண்டு 1994-இல் சென்னையிலேயே ஓர் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது, இன்று தரமணியில் இருக்கிறது. பெண்களுக்கென்றே மும்பையில் 1988-இல் தொடங்கிய 'ஸ்பாரோ' காப்பகம் இருக்கிறது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் 'அம்பை' என்ற பெயரில் எழுதும் நம் சி.எஸ். லக்ஷ்மி. இத்தகைய இடங்களுக்கு எழுதிக் கேட்கலாம். ஆனால் அதற்கு முன், இந்த ஊரிலும் பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கங்களிலும் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுத்தாக வேண்டும். 1955-இல் ஆவடிக் காங்கிரஸ் மாநாட்டைப் பார்க்கப் போன கல்லூரிப் பெண்கள் யாராவது இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருந்தார்களா? அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை வந்தபோது அங்கே வேலைக்கு விண்ணப்பித்த முதல் பட்டதாரிப் பெண் யார்? பூந்தமல்லிப் பள்ளிகளில் முதலில் பாடம் எடுத்த ஊர்ப்பெண்கள் எந்தக் கல்லூரியில் படித்தார்கள்? இவற்றுக்கு விடை அச்சிட்ட புத்தகங்களில் தேடினால் கிடைக்காது.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவியருக்கு ஒரு வேண்டுகோள். அரையாண்டு விடுமுறையில் நால்வர் நால்வராகச் சேர்ந்து உங்கள் தெருவில் 80 வயதைக் கடந்த பெண்களைப் போய்ப் பாருங்கள். நோட்டு இருக்கிறதா என்று முதலிலேயே கேட்காதீர்கள். எங்கே படித்தீர்கள், யாரோடு போனீர்கள், எந்தப் பஸ், விடுதியில் என்ன சாப்பாடு, அறையில் உங்களோடு யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். பேச்சு வந்துவிட்டால் அவர்களே பரணைக் காட்டுவார்கள். எழுதியெடுத்ததை இரண்டு படி செய்து, ஒன்றை அந்த வீட்டிலும் ஒன்றை இவ்வூர் நூலகத்திலும் வையுங்கள். அறக்கட்டளையார் இசைந்தால் அடுத்த ஆண்டு இதே மேடையில் என்னைப் போல ஒருவர் பேசுவதற்குப் பதிலாக அந்தப் பெண்களில் ஒருவர் தம் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பேசட்டும். நான் வந்து கேட்கிறேன்.